உன் மாமாவின் லாரி கேம் வெயிலில் இருக்கிறது

நீ ஊரறிய எழுதினாய், அதனால் நானும் ஊரறியவே பதில் எழுதுகிறேன். போனில் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்டிருக்கலாமே என்பாய். கேட்டால் என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியாதா? "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே அந்தப் பக்கம் கீபோர்டைத் தட்டிக்கொண்டிருப்பாய். உன் இணையப் பக்கத்தில் நம்முடைய பழைய வீடியோ கேம்ஸ் கடையைப் பற்றி நீ எழுதிய கட்டுரையை ஒரு வரி விடாமல் படித்தேன். கீழே எத்தனை பேர் கண்ணீர் விட்டிருக்கிறார்கள்! "உங்களைப் பெற்ற அம்மா கொடுத்துவைத்தவர்" என்று ஒரு பெண் எழுதியிருக்கிறாள். அந்தப் பெண்ணும் படிக்கட்டும் என்றுதான் அதற்குக் கீழேயே இதைப் போடுகிறேன்.

அழகாக எழுதுகிறாய், அதில் குறை சொல்ல மாட்டேன். கும்மிடிப்பூண்டி பஸ் நிலையத்துக்குப் பின்னால் நம் தகரக் கொட்டகை, அதில் ஒரு பாதி உன் அப்பாவின் வெல்டிங் பட்டறை, மறுபாதியில் நாலு கேம் மெஷின், ஷிப்டு முடிந்து நேரே கடைக்கு வரும் சிப்காட் பிள்ளைகளின் வியர்வை நாற்றம் வரைக்கும் எழுதியிருக்கிறாய். பிறகு என் தம்பிக்கு வருகிறாய். காக்களூரில் ஒரு சின்ன எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த மாமா, யாரையும் காப்பி அடிக்காமல் தானே ஒரு கேம் செய்தார், இந்த வட்டாரத்தில் வேறு யாரும் செய்யாத காரியம் என்கிறாய். உண்மை. அப்புறம் அந்த வரிகள் வருகின்றன. "ஒருநாள் குடிபோதையில் அவரே தன் படைப்பை அழித்துவிட்டார். இன்று அவர் எங்கே இருக்கிறார் என்று கண்டறிய முடியவில்லை." அதற்கும் கீழே, அந்த கேமை உன் நினைவிலிருந்து நீயே மறுபடி உருவாக்கி உன் பெயரில் வெளியிடப் போவதாக ஓர் அறிவிப்பு, உன் போட்டோவோடு. போட்டோவில் தலைசீவியிருக்கிறாய், பரவாயில்லை.

கண்டறிய முடியவில்லையாமே. எளாவூர் செக்போஸ்ட் பக்கத்தில் லாரி எடைமேடையில் உட்கார்ந்திருக்கிறான்டா அவன். இங்கிருந்து ஷேர் ஆட்டோ போகிறது. இறங்கி எந்த டிரைவரைக் கேட்டாலும் கை காட்டுவான். ஏதோ ஒரு பழைய கேமுக்காக நீ ஜப்பானில் தேடிய கதையை இதே பக்கத்தில் படித்தேன். அதைச் செய்த கம்பெனி மூடிவிட்டதாம், வாங்கிய கம்பெனியும் கைமாறிவிட்டதாம், கடைசியில் உரிமை யாரிடம் இருக்கிறது என்று மாதக்கணக்கில் மெயில் போட்டுத் தேடினாயாம். அனுமதி கொடுத்து ஒரு வரி பதில் வந்ததும் நண்பர்களோடு கேக் வெட்டினாயாம். ஜப்பான்காரன் வீட்டு வாசல் உனக்குத் தெரிகிறது. பக்கத்து ஊரில் இருக்கும் தாய்மாமன் வீட்டு வாசல் தெரியவில்லை.

பழைய கேம் தேடுகிறவர்களுக்கு நீ எழுதி வைத்திருக்கும் புத்திமதிகளையும் படித்தேன். விலைக்குக் கிடைப்பதை விலைக்கு வாங்கு. செய்தவரே சும்மா கொடுத்திருந்தால் அவருடைய இடத்திலிருந்தே எடு. கண்ட இடத்தில் இறக்காதே, இறக்கியதை வீட்டு ஆட்கள் புழங்கும் கம்ப்யூட்டரில் திறக்காதே. ஒரே ஒரு பிரதி இருந்தால் அது இல்லாததற்குச் சமம், இரண்டாவது எடுத்து வேறு இடத்தில் வை. ஊருக்குக் கொடுக்கும் முன் உரியவரிடம் கேள். எல்லாம் நல்ல பேச்சு. எங்கே கற்றாய் என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டாய், நான் எழுதுகிறேன். காலேஜ் முடித்த வருஷம், ஆயிரம் கேம் ஒரே பொட்டலத்தில் என்று எங்கிருந்தோ இறக்கி நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் திறந்தாய். மறுநாள் காலையில், ஏதோ வைரஸாம், எதைத் தொட்டாலும் பூட்டு. அப்பாவோடு நாம் திருத்தணி போய் எடுத்த போட்டோ அத்தனையும் அதற்குள் போயிற்று. அடுத்த வருஷம் அப்பாவும் போய்விட்டார். இப்போது சுவரில் மாலை போட்டிருக்கிற படம் அவருடைய வாக்காளர் அட்டையிலிருந்து பெரிதாக்கியது. அதில் யாரையோ அடிக்கக் கிளம்பியவர் மாதிரி முறைத்துக்கொண்டிருக்கிறார். அவருக்குப் பொருத்தமான படம்தான், அது வேறு விஷயம். ஆனால் அவர் சிரித்த படம் ஒன்றே ஒன்று இருந்தது, அது உன் பொட்டலத்தோடு போயிற்று.

சரி, லாரி கேமுக்கு வருவோம். உன் வாசகர்களுக்குத் தெரியாதல்லவா, நான் சொல்கிறேன். திரையில் ஒரு ரோடு, கொல்கத்தா போகிற நம்ம ரோடுதான். கீழே ஒரு லாரி. எதிரே நெல்லூர் பஸ் வரும், குறுக்கே எருமை வரும், வழியில் டயர் வெடித்து நிற்கும் டிரெய்லர் ஒன்று வரும். எல்லாம் தாண்டிப் போனால் கடைசியில் எளாவூர் கேட். கேட்டுக்கு முன்னால் வெள்ளைக் கோட்டில் சரியாக நிறுத்தினால் 'போ நைனா' என்று எழுத்து வரும். கேட்டை இடித்தால் திரும்ப முதலிலிருந்து ஓட்ட வேண்டும். அந்த 'போ நைனா'வைப் புள்ளி புள்ளியாக வைத்துக் கோர்ப்பதற்குள் என் தம்பி வைத்த சோற்றை எத்தனை நாள் ஆறவிட்டிருக்கிறான்! ரோடும் அவன் போட்டது, எருமையும் அவன் வரைந்தது. மற்ற மூன்று மெஷினிலும் ஓடியது சென்னையிலிருந்து வந்த டூப்ளிகேட் சர்க்யூட் போர்டு. சட்டம் பேசுகிறாயே, நம் கடையில் சட்டப்படி சுத்தமாக இருந்தது அந்த ஒரு கேம்தான். சொந்தக்காரன் கண்ணெதிரே நின்றுகொண்டிருந்தான்.

அது முழுவதும் போர்டில் இருந்த நாலு சிப்புக்குள் அடக்கம். ஒவ்வொரு சிப்பின் முதுகிலும் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கண்ணாடி. அதன் வழியாக வெயிலோ வெல்டிங் வெளிச்சமோ நாள்கணக்கில் பட்டால் உள்ளே எழுதி வைத்தது அழிந்துபோகும். அதனால் கண்ணாடிகளின் மேல் கறுப்பு டேப் ஒட்டி, "இத்த எவனும் தொடக்கூடாது" என்று எல்லோரிடமும் ஒரு தடவை சொல்லியிருந்தான். உன்னிடம் பல தடவை சொன்னான், உன் கை அப்படி.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. அழுக்கோடு எந்தச் சாமானும் படையலில் உட்காரக்கூடாது என்பது உன் அப்பாவின் சட்டம். ஸ்பேனர் முதல் வெல்டிங் மெஷின் வரை துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்துப் பலகையில் அடுக்க வேண்டும். மாமாவும் லாரி கேம் போர்டைக் கழற்றிப் பூஜைக்கு வைத்துவிட்டு, காக்களூரில் அவன் கம்பெனிப் பூஜைக்குப் போய்விட்டான். நீ அஞ்சாவது படித்துக்கொண்டிருந்தாய். துடைக்கிற வேலை உனக்கு. நான் பொரி கடலை பொட்டலம் கட்டுவதில் இருந்தேன், போர்டு பக்கம் திரும்பவில்லை. பூஜை முடிந்து மறுநாளே பட்டறை திறந்தாயிற்று. ஒரு கம்பெனியின் இரும்பு கேட் வேலை அவசரமாக இருந்தது. பூஜைப் பலகை இருந்தது பட்டறை வாசலில், காலை வெயில் நேராக விழும் இடத்தில், வெல்டிங் அடிக்கும் இடத்துக்கு எதிரே. மாமாவுக்குத் தொடர்ந்து டபுள் ஷிப்டு. நடுவில் ஒருநாள் குடித்துவிட்டு வந்து பட்டறைச் சாக்கின் மேல் படுத்துத் தூங்கிவிட்டு அப்படியே எழுந்து வேலைக்குப் போனான். போர்டு பொட்டோடும் பூவோடும் பலகையிலேயே கிடந்தது.

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, லாரி கேமில் ஜெயிக்கிறவனுக்கு எவர்சில்வர் குடம் என்று உன் அப்பா சிப்காட் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். கொட்டகை கொள்ளாத கூட்டம். மாமா அவசரத்தில் போர்டைத் திருப்பிப் பார்க்காமலே மாட்டி சுவிட்சைப் போட்டான். ரோடு வரவில்லை, லாரி வரவில்லை, திரை முழுக்கக் கோடு கோடாக வந்தது. கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள். மாமா போர்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "யாரு டேப்ப உரிச்சது?" என்றான். அவன் முகம் அப்போது போன போக்கு எனக்கு இன்னும் மறக்கவில்லை. அப்பா உன்னைப் பார்த்தார். நீ ஒரு நொடி யோசிக்கவில்லை. "மாமாதான்பா. அன்னிக்கி குட்ச்சிட்டு வந்தாருல்ல, அப்ப உரிச்சிகினு இருந்தாரு." தோல் கையுறை போட்ட கையாலேயே அப்பா அவனை அறைந்தார். அத்தனை பேரும் பார்த்தார்கள். மாமா போர்டைக் கீழே வைத்தான். உன்னை ஒரு தரம் பார்த்தான், உன் பள்ளிக்கூடப் பையைப் பார்த்தான், "வர்றேங்கா" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனான். அதற்கப்புறம் அவன் நம் தெருவுக்கு வந்தது உன் அப்பா செத்த அன்றைக்குத்தான். தெருவில் நின்று மாலையைக் கொடுத்தனுப்பிவிட்டுத் திரும்பிவிட்டான். நான்தான் எப்போதாவது எளாவூர் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். நீ ஒரு தடவைகூட எப்படி இருக்கிறார் என்று கேட்டதில்லை.

பத்து வயதுப் பிள்ளை அடிக்குப் பயந்து சொன்ன பொய்க்காக நான் இந்தக் கடிதத்தை எழுதவில்லை. அந்தக் கைக்குப் பயப்படாதவர் நம் வீட்டில் யார்? இப்போது உன்னை யாரும் அடிக்கப் போவதில்லை. குளிர்சாதன அறையில் உட்கார்ந்து, காபி குடித்துக்கொண்டு, எழுத்துப்பிழை திருத்தி, அதே பொய்யை மறுபடி எழுதியிருக்கிறாய். மறந்துவிட்டேன் என்று மட்டும் சொல்லாதே. "பூஜையன்று சாமந்திப் பூக்களுக்கு நடுவே அந்தச் சிப்புகளின் கண்ணாடிகள் மின்னியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது" என்று எழுதியிருக்கிறாய். பூஜை முடிந்து சில நாள் கழித்துத்தான் மாமா குடித்துவிட்டு வந்து டேப்பை உரித்தார் என்றும் அதே கட்டுரையில் எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் பூஜையன்று கண்ணாடி மேல் டேப் இருந்திருக்க வேண்டுமே? கறுப்பு டேப்பு எப்படி மின்னியது? பொய் சொல்லாதே என்று வளர்த்தேன், அது ஏறவில்லை. ஒழுங்காகப் பொய் சொல்லவாவது கற்றுக்கொண்டிருக்கலாம்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. உன் கட்டுரையை முதல் தடவை படித்தபோது நானும் அழுதேன், மற்றவர்களை மாதிரியே. இத்தனை வருஷமும் நீ சொன்னதைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன். உண்மை தெரிந்தது உன் மாமா இங்கே வந்த அன்றைக்கு. எடைமேடையில் ஒரு லாரி டிரைவர் அவனிடம் தன் போனில் உன் கட்டுரையைக் காட்டி, "இன்னா நைனா, இது நீதான?" என்று கேட்டிருக்கிறான். அடுத்த நாள் காலையில் மாமா டிபன் பாக்ஸ் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றான். நாஷ்டா கொண்டுவந்திருக்கிறான் என்று நினைத்தேன்.

"இன்னாக்கா, நான் தொலைஞ்சி பூட்டேனாமே" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தான்.

டிபன் பாக்ஸைத் திறந்தான். கறுப்பு ஸ்பாஞ்சில் குத்தி வைத்த நாலு சிப், முதுகில் டேப் அப்படியே இருந்தது. லாரி கேம்தான். கேமைச் செய்த அன்றைக்கே இரண்டு செட் சிப்பில் எழுதி வைத்திருக்கிறான். நீ ஊருக்குச் சொல்லும் புத்திமதி அவனுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. "இத்தினி வருசம் ஏண்டா வெச்சிகினு இருந்த?" என்றேன். "உம் புள்ள கல்யாணத்துக்குக் குடுக்கலாம்னுதான்க்கா. அந்த கேட்டை ஒரு வாட்டிகூட இடிக்காம நிறுத்தினவன் அவன் ஒருத்தன்தான்" என்றான். உன் கல்யாணத்துக்கு நீ அவனைக் கூப்பிடவில்லை என்பதை நான் அவனுக்கு நினைவுபடுத்தவில்லை.

பிறகுதான் கேட்டேன், அன்றைக்கு டேப்பை உரித்தது யார் என்று. "உம் புள்ளதான். அவன் ஜாமெண்ட்ரி பாக்ஸ் மேல நாலு துண்டு டேப்பு ஒட்டிகினு இருந்துச்சி, பையில நீட்டிகினு இருந்துச்சி, அப்பவே பாத்தேன்" என்றான். "பாத்துட்டா சும்மா போன?" என்று கத்தினேன். "சொல்லியிருந்தா உங்க ஊட்டுக்காரரு அந்தப் புள்ளைய வெல்டிங் கேபிளாலயே அடிச்சிருப்பாருக்கா. எனக்கு ஒரு அறையோட போச்சி" என்றான். இதை அவன் எந்தக் கோபமும் இல்லாமல் சொன்னான். கோபம் வந்தது அடுத்த பேச்சில்தான். "சின்னப் பையன்ல சொன்னான், உட்டுட்டேன். இப்பவும் சொல்றானே. அப்ப அவன் பயந்துகினு சொல்லல, புட்ச்சிப்போய் சொல்லிக்கிறான்."

அவனே மொட்டைமாடிக்கு ஏறினான். பழைய கொட்டகை இருந்த இடத்தின் மேல்தான் நாம் வீடு கட்டியிருக்கிறோம், அது அவனுக்குத் தெரியும். கைப்பிடிச் சுவர் மேல் ஸ்பாஞ்சை வைத்தான். நாலு டேப்பையும் ஒன்றொன்றாக உரித்துச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "உடைக்கணும்னா இங்கியே கல்லால உடைடா, எதுக்கு இப்படி?" என்றேன். "உடைச்சா குட்ச்சிட்டு உடைச்சான்னு எழுதுவான்க்கா. முதல் செட்டு எப்டி போச்சோ, அப்டியே இதுவும் போவட்டும். ஒரு வாரம் நல்ல வெயில் பட்டா சுத்தமாயிடும்" என்றான். நீ வந்து கேட்டால் என்ன செய்வது என்றேன். ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "எங்கிட்ட நேர்ல வந்து, நான்தான் உரிச்சேன், எட்துக்கட்டுமான்னு கேட்டா குடுத்துடு. போன்ல கேட்டா குடுக்காத. அதுக்குள்ள பூட்ச்சின்னா பூட்ச்சி." டீ போட்டு வைத்ததைக் குடிக்காமல் எளாவூருக்குத் திரும்பிவிட்டான்.

ஆகையால் மகனே, நீ தேடுகிறாயே, உலகத்திலேயே ஒரே ஒரு பிரதி, அது நம் வீட்டு மொட்டைமாடியில்தான் இருக்கிறது. உன் புத்திமதியையே உனக்குச் சொல்கிறேன், கேட்டுக்கொள். உரியவர் உயிரோடு இருக்கிறார், விலாசம் தெரியும், முதலில் அவரிடம் கேட்க வேண்டும். கேட்பதற்கு முன்னால் உன் பக்கத்தில் அந்த வரிகளை எடுத்துவிட்டு, உரித்தது யார் என்று எழுத வேண்டும், போட்டோவோடு. அவன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்க வேண்டாம், அழவும் வேண்டாம், உன் அழுகையை நிறையப் பேர் பார்த்தாயிற்று. அவன் சரி என்றால் டேப்பை ஒட்டி, இருட்டில் வைத்து எடுத்துப்போய், அன்றைக்கே பிரதி எடு. ஒன்று உன்னிடம், ஒன்று அவனிடம். பெயர் போடும் இடத்தில் அவன் பெயர் மட்டும் போடு. ஊருக்குக் கொடுக்க வேண்டாம் என்று அவன் சொன்னால் கொடுக்காதே. அப்போதும் அது அழியாமல் இருக்கும், அது போதாதா உனக்கு? போதாது என்றால் நீ காப்பாற்ற வந்தது கேமை இல்லை.

உன் நினைவிலிருந்து மறுபடி செய்வேன் என்று மட்டும் சொல்லாதே. உன் நினைவு எப்படிப்பட்டது என்று இப்போது எல்லோருக்கும் தெரியும்.

அம்மா அல்லவா, எடுத்து நிழலில் வைத்திருப்பாள் என்று நினைப்பாய். அந்த நினைப்பில் ஒருநாள் தள்ளிப்போடுவாய், லீவு கிடைக்கவில்லை என்பாய், வார இறுதியில் வருகிறேன் என்பாய். அதனால் இதையும் எழுதிவிடுகிறேன். துணி காயப்போட தினமும் மாடிக்குப் போகிறேன். போர்வையின் நிழல் அந்தச் சுவர் மேல் விழாத மாதிரி பார்த்துத்தான் கொடியில் போடுகிறேன். இன்று காலையில் பார்த்தேன், இரும்பு மில் பக்கமிருந்து வரும் தூசி படிந்து நாலு கண்ணாடியும் மங்கிப்போயிருந்தன. அப்படியே விட்டிருந்தால் உனக்கு இன்னும் ஒருநாள் கிடைத்திருக்கும். முந்தானையால் நன்றாகத் துடைத்துவிட்டுக் கீழே இறங்கினேன்.